கடற்கரைக்கு மட்டும் போகும் தீவல்ல பொஸ்ஜாடா

துருக்கியின் பொஸ்ஜாடா தீவைக் 'காலையில் போய் மாலையில் திரும்பலாம்' என்று உங்கள் பயணக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. எதிர்க்கரையிலுள்ள கெயிக்லித் துறையிலிருந்து படகில் அரை மணி நேரம்தான், உண்மை. ஆனால் பகல் கூட்டத்தோடு வந்து, அயாஸ்மா கடற்கரையில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் தீவைப் பார்க்காமலேயே போகிறார்கள். (ஆகஸ்டிலும் அங்கே தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். குழந்தைகளுடன் போகிறவர்கள் கவனியுங்கள்.)

திராட்சைத் தோட்டங்களுக்குள் நடந்து பாருங்கள். பந்தல் கிடையாது. ஓயாத வடகாற்றுக்குத் தப்ப, கொடிகளைக் குட்டையாக வெட்டித் தரையோடு தரையாக வளர்க்கிறார்கள். இலையை விலக்கினால் கருங்குலை மணலைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். குந்த்ரா, கராலஹ்னா ஆகிய திராட்சை வகைகள் மதுவுக்கு. சாவுஷ் வகை அப்படியே தின்பதற்கு.

கட்டுரை கிரேக்கர்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது பெரிய குறை. இத்தீவுக்கு அவர்கள் வைத்த பெயர் டெனெடோஸ். டிராய்ப் போர்க் கதையில் மரக்குதிரையை விட்டுவிட்டு கிரேக்கக் கப்பல்கள் ஒளிந்தது இத்தீவின் மறைவில்தான். துருக்கியும் நேச நாடுகளும் செய்துகொண்ட 1923 லோசான் அமைதி உடன்படிக்கை இங்குள்ளோருக்குத் தனி உள்ளாட்சி தருவதாக உறுதியளித்தது, அது நிறைவேறவில்லை. தலைமுறை தலைமுறையாகத் திராட்சை பயிரிட்ட அந்தக் குடும்பங்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. ஜூலை 26 அன்று புனித பரஸ்கேவி திருவிழாவுக்கு, தீவைவிட்டுப் போன கிரேக்கர்கள் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறார்கள்.

போவதாக இருந்தால் செப்டம்பர் தொடக்கத்தில் போங்கள், அறுவடைக் காலம். இரண்டு இரவாவது தங்குங்கள்.