நான்கு கோழிக்கு நூறு கோழியின் மருந்து

மாடியில் வளர்க்கும் கோழிக்கு உடம்பு சரியில்லை என்று ஆட்டோ பிடித்துக் கிளம்புகிறவரைப் பார்த்து, வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் இன்றும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். "ஐந்நூறு ரூபா கோழிக்கு ஆயிரம் ரூபா வைத்தியமா? குழம்பு வெச்சிட்டுப் போயேன்க்கா" என்று எதிர்வீட்டுத் தம்பி என்னிடம் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. (நோய் கண்டு மருந்தும் கொடுத்த கோழியைக் குழம்பு வைக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.) அதே தம்பி, யாரும் காசு கொடுத்து வாங்காத தெருநாய் ஒன்றை எடுத்து வளர்க்கிறார், அதற்கு ஊசி போட அவர் ஒருநாளும் விலைக்கணக்கு பார்த்ததில்லை. கறிக்கடைத் தராசு கோழிக்கு மட்டும்தான் வெளியே வருகிறது.

ஆனால் செலவு உண்மையிலேயே அதிகம்தான். அதற்கு மருத்துவர்களின் பேராசை காரணம் என்று நான் நினைக்கவில்லை. நம் மாநிலத்தில் கோழி மருத்துவம் என்பது பெரும்பாலும் நாமக்கல் போன்ற ஊர்களின் பெரிய பண்ணைகளின் தேவைக்காக வளர்ந்தது. ஆயிரக்கணக்கில் கோழிகள் இருக்கும் கொட்டகையில் ஒன்றிரண்டு செத்தால், அவற்றை அறுத்துப் பார்த்து நோயைக் கண்டறிந்து, மீதிக் கோழிகளுக்குத் தண்ணீரில் மருந்து கலந்து கொடுக்கிறார்கள். வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழிக் கழிச்சல் நோய் வராமல் தடுக்க, குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்துக்கு, ஒரு கோழிக்கு ஆகும் செலவு வெறும் சில்லறைக் காசு. ஆனால் அந்தக் குப்பி நூறு, இருநூறு, ஐந்நூறு கோழிகளுக்கான அளவில்தான் வருகிறது. கரைத்த மருந்து ஓரிரு மணி நேரத்துக்கு மேல் பயன்படாது. ஆகவே நான்கு கோழி வைத்திருப்பவர் நூறு கோழிக்கான மருந்தை வாங்கி, மிச்சத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது.

நோய் வந்த பிறகு செலவு இன்னும் ஏறுகிறது. நாயும் பூனையும் பார்க்கும் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் கோழியைப் பார்ப்பதில்லை. பறவை பார்க்கும் மருத்துவர் சிலரே, கட்டணமும் அதற்கேற்பத்தான் இருக்கும். முட்டை அடைபட்டுத் தவிக்கும் கோழிக்கு எடுக்கும் எக்ஸ்ரே, கோழி சிறியது என்பதற்காக மலிவாகிவிடாது. இதற்குப் பயந்துதான் பலரும் தீவனக் கடையில் ஆன்டிபயாடிக் பொடியை வாங்கி, குத்துமதிப்பாகக் கலந்து கொடுத்துவிட்டு, மறுநாள் இட்ட முட்டையைப் பிள்ளைக்கு அவித்துத் தருகிறார்கள். உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை மத்திய அரசு 2019இல் தடை செய்ததற்கான காரணம், அதாவது கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போய்விடும் என்ற அச்சம், நம் அடுப்படிக்கும் பொருந்தும்.

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கிறது. மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகமும் இருக்கிறது. ஒரு கோழி திடீரென இறந்தால், உடலைப் பிரீசரில் உறைய வைக்காமல் ஐஸ் வைத்துச் சீக்கிரம் பரிசோதனைக்குக் கொண்டுபோவது, மிஞ்சியிருக்கும் கோழிகளுக்காக நாம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு என்பேன். வயதான கோழிக்குப் பல ஆயிரம் ரூபாயில் அறுவை சிகிச்சை செய்ய நான் முன்வரமாட்டேன். ஆனால் அது வலியில்லாமல் உயிர்விட மருத்துவருக்குக் கொடுக்கும் பணத்தை வீண் என்று சொல்லவும் மாட்டேன்.

கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் கிராமங்களில் நடத்தும் இலவசக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம், நம் வார்டுகளுக்கும் ஆண்டுதோறும் வர வேண்டும் என்று கேட்பது நியாயமானது. அதுவரை, ஒரு தெருவில் கோழி வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரு லசோட்டா குப்பியை வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, வெயில் தாழ்ந்த பிறகு ஒரே நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்; ஏற்கெனவே சோர்ந்திருக்கும் கோழிக்கு மட்டும் அன்று போடக் கூடாது.