மாவுக்கட்டுக்குக் கைதட்டுகிறவர்கள் கவனத்துக்கு

"தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்ற வரியோடு போலீஸ் பிடித்த ஆளின் மாவுக்கட்டுப் படம் ஒன்று வந்தால் போதும், கீழே வரிசையாகக் கைதட்டல். போலீஸ் அடித்ததில் உயிர்கள் போன சாத்தான்குளத்துக்கும் (2020) திருப்புவனத்துக்கும் (2025) நீதி கேட்டு எழுதியவர்களும் அந்த வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. எலும்பு முறிந்தால் கைதட்டுவோம், உயிர் போனால் மட்டும் நியாயம் கேட்போம் என்றால், லத்தியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று யார் சொல்வது?

சட்டம் அதைச் சொல்லியிருக்கிறது. கைதாக மறுத்து எதிர்ப்பவரை அடக்கத் தேவையான பலத்தைப் போலீஸ் பயன்படுத்தலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் பறிக்க, கைது செய்யும் அதிகாரம் இடம் தராது. ஆள் கைக்குள் வந்த பிறகு தப்பிக்காமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்குத்தான் கட்டுப்பாடு. வாக்குமூலத்துக்காக அடித்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை.

சட்டம் இருந்தும் தண்டனை அபூர்வமாக இருக்கிறதே, ஏன்? காவல் மரண வழக்கின் தலையெழுத்து முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அந்த நாட்களில் நாமெல்லாம் "சஸ்பெண்ட் செய்", "நிவாரணம் கொடு" என்று கத்திக்கொண்டிருக்கிறோம். சஸ்பெண்ட் தண்டனை இல்லை. நிவாரணம் சாட்சியம் ஆகாது.

முதலில் கேமரா. 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, கழிவறைக்கு வெளியே, கட்டடத்தின் பின்பக்கம் என்று ஸ்டேஷனின் எந்த மூலையும் விடுபடக் கூடாது, ஒலியும் பதிவாக வேண்டும், 18 மாதப் பதிவு இருக்க வேண்டும், கருவி கிடைக்காத இடத்தில் குறைந்தது ஓராண்டு. அதற்கு ஐந்து மாதம் முன்பு சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கு விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன? ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. திருப்புவனத்தில் ஒருவர் மறைந்திருந்து கைபேசியில் எடுத்த சில நொடிக் காட்சி இல்லையென்றால் அந்த வழக்கு எந்தத் திசையில் போயிருக்கும்? நகை காணோம் என்ற புகாரில் எஃப்.ஐ.ஆர். பதிவதற்கு முன்பே தனிப்படை எப்படி உள்ளே வந்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. எல்லோரும் பிடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான். எஃப்.ஐ.ஆர். இல்லை, கைதுக் குறிப்பு இல்லை என்றால் அந்த ஆள் காகிதத்தில் போலீஸ் காவலிலேயே இல்லை.

அடுத்தது போஸ்ட்மார்ட்டம். நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். பிட்டத்திலும் உள்ளங்காலிலும் விழும் லத்தி அடி தோலில் லேசான தடிப்பாக மட்டும் தெரியலாம், சில நேரம் ஒன்றுமே தெரியாது. முதுகு, பிட்டம், தொடை, உள்ளங்கால் எல்லாவற்றிலும் தோலைக் கீறித் தசை வரை திறந்து பார்த்தால்தான் உள்ளே உறைந்திருக்கும் ரத்தக் கட்டு கண்ணுக்குத் தெரியும். காயத்தின் நிறத்தை எழுத வேண்டும்: புதுக் காயம் சிவப்பு அல்லது நீலம், நாட்கள் கழித்துப் பச்சை, பிறகு மஞ்சள். கைதுக்கு முன்பே இருந்த காயம் என்று சொன்னால் சோதிக்க இது உதவும், துல்லியமான கடிகாரம் இல்லை என்றாலும். பெருமளவு தசை நசுங்கினால் அதிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தை அடைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட உயிரைப் பறிக்கும். "ஜெயிலுக்குப் போகும்போது நன்றாகத்தான் இருந்தார், திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனது" என்ற விளக்கம் வரும்போது, சிறுநீரகத் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

போலீஸ்காரருக்கும் நியாயமான விசாரணை வேண்டும். இதைச் சொன்னால் கோபப்படுகிறார்கள். ஆனால் "ஸ்டேஷனில் இருந்த எல்லோரும் அடித்தார்கள்" என்ற குற்றப்பத்திரிகை குறுக்கு விசாரணையில் நிற்காது. யார் பிடித்தார், யார் அடித்தார், யார் உத்தரவிட்டார் என்று தனித்தனியாக நிறுவ டூட்டி ரோஸ்டர் (யாருக்கு எப்போது பணி என்ற பட்டியல்), ஜெனரல் டைரி (ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேடு), வாகன லாக் புக், கைபேசி டவர் விவரம் நான்கையும் முதல் நாளே கைப்பற்ற வேண்டும். அதே மாவட்டப் போலீஸ் அதைச் செய்யாது. சாத்தான்குளத்தில் உயர் நீதிமன்றம் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்ததால்தான் தடயங்களைக் காப்பாற்ற வழி பிறந்தது. அங்கே துணிந்து வாய் திறந்த பெண் தலைமைக் காவலரைப் போன்ற சாட்சியிடம் உடனே மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பெற வேண்டும். தாமதித்தால் சக ஊழியர்களின் அழுத்தம் அவரைப் பேசவிடாது. அத்தனை நடந்தும் அந்த வழக்கு 2025-லும் விசாரணை நீதிமன்றத்தில்தான் நடந்துகொண்டிருந்தது.

இன்னொன்று. காவலில் இருந்தவர் உடம்பில் காயம் இருந்தால், போலீஸ்தான் ஏற்படுத்தியது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், இல்லையென்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கச் சொன்னது சட்ட ஆணையத்தின் 113-வது அறிக்கை. அது 1985. 2023-ல் மூன்று குற்றவியல் சட்டங்களையும் மாற்றி எழுதினார்கள், அப்போதும் அதைச் சேர்க்கவில்லை. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்தத் தேவையான அரசு அனுமதி விஷயத்தில் மட்டும் ஒரு முன்னேற்றம் வந்தது: அனுமதி கேட்டு 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கருதப்படும்.

உங்கள் வீட்டு ஆளை அழைத்துப்போனால்: கூட்டிப்போனவர் பெயர், வண்டி எண், நேரம் மூன்றையும் எழுதி எஸ்.பி.க்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். 15100-க்கு அழைத்து இலவசச் சட்ட உதவி வக்கீலைக் கேளுங்கள். ரிமாண்டின்போது காயத்தைக் காட்டி, அதைப் பதிவு செய்யும்படி மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகச் சொல்லச் சொல்லுங்கள். உயிரே போய்விட்டால், போஸ்ட்மார்ட்டம் வீடியோவின் நகலை எழுத்தில் கேளுங்கள். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் உடலை எரிக்க வேண்டாம், புதையுங்கள். மறு போஸ்ட்மார்ட்டத்துக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டால் எடுத்துப் பார்க்க உடல் இருக்க வேண்டும்.