எல்இடி பல்பு வாங்கினால் மின்செலவு கூடுமா?

"ஆற்றல் சிக்கனம் வீண் வேலை, ஜெவன்ஸ் 1865லேயே நிரூபித்துவிட்டார்" என்றொரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் வழி வந்தால் மொத்தப் பயன்பாடு குறையாது, கூடும் என்றார் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ். அவர் ஆராய்ந்தது அன்றைய பிரிட்டனின் நிலக்கரியை. ஸ்காட்லாந்தில் ஒரு டன் இரும்புக்குத் தேவைப்பட்ட நிலக்கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் 1830க்கும் 1863க்கும் இடையில் அங்கே மொத்த நிலக்கரிப் பயன்பாடு பத்து மடங்கானது. உண்மைதான். ஆனால் அது இரும்பு மலிந்து, ரயிலும் ஆலைகளும் பெருகிக்கொண்டிருந்த காலம். இரும்புக்கான தேவைக்கு அன்று எல்லையே தெரியவில்லை.

வீட்டு விளக்கு அப்படியா? வெளிச்சம் மலிவாகிறது என்பதற்காக யாரும் பத்து மடங்கு விளக்கு எரிப்பதில்லை. சேமிப்பில் ஒரு பகுதி கூடுதல் பயன்பாட்டில் போகும், சரி. பொருளாதார அறிஞர்கள் இதை மீள்விளைவு என்கிறார்கள். ஸ்டீவ் சோரல் தலைமையில் 2007ல் வெளியான பிரிட்டன் ஆய்வறிக்கை, வளர்ந்த நாடுகளில் கார், வீட்டுச் சூடாக்கல் போன்றவற்றில் இந்த நேரடி இழப்பு பெரும்பாலும் சேமிப்பில் 30 சதவீதத்துக்குள்தான் என்றது. மிச்சமான பணத்தை வேறு பொருள்களில் செலவிடுவது போன்ற மறைமுக விளைவுகளைச் சேர்த்தால் இழப்பு கூடும். எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது.

ஜெவன்ஸ் பேசிய அதே பிரிட்டனில், 2005க்குப் பிறகு பொருளாதாரம் வளர்ந்திருக்கிறது, மொத்த ஆற்றல் பயன்பாடு குறைந்திருக்கிறது. தொழிற்சாலைகள் வெளிநாடு போனதும் ஒரு காரணம், சிக்கனமும் ஒரு காரணம்.