அந்தக் கல்யாணத்தை விட்டுவிட்டீர்களே
உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் கன்னட நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட்டின் 'தலெதண்ட' நாடகத்தை, சாதியை எதிர்த்த சிவபக்தர் பசவண்ணரின் சமய வரலாறு என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை. நாடகத்தின் உயிரே ஒரு கல்யாணத்தில்தான் இருக்கிறது. செருப்புத் தைக்கும் ஹரளய்யாவின் மகனுக்கும், பிராமணராகப் பிறந்து சரணரான, அதாவது பசவண்ணரின் வழியில் சேர்ந்த, மதுவரசரின் மகளுக்கும் சம்பந்தம் பேசுகிறார்கள். சாதி இல்லை என்று பாடிய கூட்டம்தானே, சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் பசவண்ணரே தயங்குகிறார். கூடிப் பாடுவதைப் பொறுத்துக்கொள்கிற ஊர் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதைப் பொறுக்காது என்ற பயம் அது. அப்புறம் பெண்ணின் அம்மா, தோல் நாற்றத்துக்கு நடுவே மகள் எப்படிக் குடித்தனம் செய்வாள் என்று கலங்குகிற இடம். அவர் கெட்டவர் இல்லை, சரணர் வழியை நம்பி வந்த வீட்டுப் பெண்மணிதான், அதனால்தான் அந்தக் காட்சி எனக்கு இவ்வளவு வலிக்கிறது. கடைசியில் இந்தக் கல்யாணத்துக்குத் தண்டனையாக இரண்டு அப்பாக்களின் கண்களையும் பிடுங்கி, யானைக்காலில் கட்டி இழுக்கிறார்கள்.

இந்த நாடகம் கன்னடத்தில் வெளிவந்தது 1990இல். மண்டல் கமிஷன் இடஒதுக்கீட்டுச் சண்டையும் அயோத்திக் கோயில் பிரச்சினையும் நாட்டையே கொதிக்க வைத்துக்கொண்டிருந்த வருடம். சரி, கதை நடப்பது 12ஆம் நூற்றாண்டில்தான், ஆனால் சாதி மாறிக் கட்டியதற்காகப் பெற்றவர்களே பிள்ளையை வெட்டும் செய்தியை இன்றைக்கும் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம். அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் அந்த அம்மாவின் காட்சியைப் பற்றித் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.