பெயரில்லாத உறையும் பெருத்த வீதமும்

கொழும்பில் நியூமோனியாக் கிருமிகளில் எத்தனை வீதம் அன்டிபயோட்டிக்குக்கு அடங்காதவை என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: யாரிடம் எடுத்த சளியில்? எப்போது எடுத்ததில்?

ஆய்வுகூட வேலையில் இருப்பவள் என்பதால் வந்த பழக்கம் இது. பத்திரிகையில் ஒரு வீதம் வந்துவிட்டால் அதைப் பார்த்துப் பயப்படுகிறோம், பகிர்கிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருமலும் காய்ச்சலும் வந்தால் நாம் போவது ஒழுங்கை முனையிலுள்ள டிஸ்பென்சரிக்கு. டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்ப்பார். உள்ளே நிற்கும் பிள்ளை குளிசைகளை எண்ணிச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டுத் தரும். காலை, பகல், இரவு எல்லாம் உறையில் எழுதியிருக்கும். மருந்தின் பெயர் மட்டும் பல இடங்களில் இருக்காது. இரண்டு மூன்று நாளில் சுகம் வராவிட்டால் இன்னொரு டொக்டர், இன்னோர் உறை. அதற்கும் அடங்காவிட்டால்தான் பெரியாஸ்பத்திரி. வார்ட்டில் கேட்பார்கள், "என்ன மருந்து எடுத்தனீங்கள்?" "சிவப்பும் மஞ்சளும் கலந்த கப்சூல், டொக்டர்." அதற்குப் பிறகுதான் இரத்தத்தை ஒரு போத்தலில் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்புகிறார்கள்.

நியூமோனியாவை உண்டாக்கும் முக்கியமான பக்டீரியா நியூமோகொக்கஸ். அந்தப் போத்தலில் அது முளைக்கும் என்று காத்திருப்பது பெரும்பாலும் வீண். ஆளைக் கொல்லக்கூடிய கிருமிதான், ஆனால் ஆய்வுகூடத்தில் சரியான நோஞ்சான். உடம்பில் கொஞ்சம் மருந்து ஏறியிருந்தாலே வளராது. வளர்ந்தாலும் விட்டுவைத்தால் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். இரத்த அகாரில் (இரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில்) அதன் கொலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள், டாம் காய் போல நடுவில் குழிந்து கிடப்பது அதனால்தான். நியூமோனியாவை உண்டாக்கும் இன்னொரு பக்டீரியாவான கிளெப்சியெல்லா வேறு ரகம். ஒரே இரவில் தட்டு முழுக்கக் கொழகொழவென்று கொழுத்து நிற்கும். எடுத்த மருந்து அதற்கு வேலை செய்யாததாக இருந்தால் இன்னும் வசதி.

விளைவு என்ன? ஒழுங்கை டொக்டரின் அமொக்சிசிலினிலேயே சுகமானவர்கள் எங்கள் பதிவேட்டுக்கு வருவதே இல்லை. வருகிறவர்கள் மருந்து தோற்றுப்போனவர்கள். அவர்களிடமும் நியூமோகொக்கஸ் முளைப்பதில்லை. ஆகவே அடங்காத கிருமிகளின் வீதம் பெருத்துத் தெரியும், நியூமோகொக்கஸ் இந்த நகரத்தில் இல்லவே இல்லை என்பது போலவும் தெரியும். இரண்டுமே சரியான படம் இல்லை.

சளி மாதிரி பற்றித் தனியாகவே ஒரு பதிவு போடலாம். பலர் தருவது எச்சில். நுணுக்குக்காட்டியின் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு புலத்துக்குப் 10 இற்கு மேல் வாய்த்தோல் கலங்கள் தெரிந்தால் அதைத் திருப்பி அனுப்பவேண்டும். எச்சிலை வளர்த்தால் வாயின் கதைதான் கிடைக்கும்.

வீதத்துக்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெனிசிலினின் லீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில் அடங்கும் நியூமோகொக்கஸ், நுரையீரலில் இருந்தால் 'அடங்கும்' என்ற கணக்கில் சேரும். ஊசி மருந்தின் அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம். அதே கிருமி மூளைக்காய்ச்சல் நோயாளியிடம் கிடைத்தால் 'அடங்காது'. எந்த அளவை எல்லையாக வைத்து எண்ணினார்கள் என்று சொல்லாத வீதத்தை வைத்து என்ன செய்வது?

எண்ணுவது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. 2019 இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் நேரடியாக உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் முன்வரிசையிலுள்ள ஆறு கிருமிகளில் நியூமோகொக்கஸும் கிளெப்சியெல்லாவும் உண்டு. பெனிசிலினுக்கு அடங்காத நியூமோகொக்கஸை 1967 இல் அவுஸ்திரேலியாவில் கண்டார்கள். 1977 இல் தென்னாப்பிரிக்காவில் பல மருந்துகளுக்கு ஒன்றாக அடங்காதது வந்தது. நியூமோகொக்கஸ் தொண்டையில் பக்கத்தில் குடியிருக்கும் அப்பாவிக் கிருமிகளிடமிருந்து மரபணுத் துண்டுகளை வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். வைரஸ் தடிமனுக்கு விழுங்கிய அன்டிபயோட்டிக்கும் இங்கேதான் வேலையைக் காட்டுகிறது. அந்தக் கிருமிகளைப் பழக்கிவிடுகிறது, நியூமோகொக்கஸ் பிறகு அவற்றிடம் கடன் வாங்குகிறது.

ஒழுங்காக எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்கா நல்ல உதாரணம். 2000 இல் குழந்தைகளுக்கு நியூமோகொக்கஸ் தடுப்பூசி போடத் தொடங்கியபின் மருந்துக்கு அடங்காத வகைகள் குறைந்தன. பிறகு ஊசியில் சேராத 19ஏ என்ற வகை தலைதூக்கியது. வகை வகையாக எண்ணிக்கொண்டிருந்ததால் அதைக் கண்டுபிடித்தார்கள். 2010 இல் வந்த புதிய ஊசியில் அதையும் சேர்த்தார்கள்.

இங்கேயும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. இலங்கை நுண்ணுயிரியலாளர் கல்லூரி பல ஆஸ்பத்திரிகளின் முடிவுகளைத் திரட்டி வருகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க 2017 முதல் 2022 வரைக்கான தேசியத் திட்டமும் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக் கணக்கோடு நின்றுவிட்டால் ஒழுங்கை டிஸ்பென்சரியில் நடப்பது தெரியாமலே போகும். எல்லா இருமலுக்கும் கல்ச்சர் செய் என்று கேட்கவில்லை; காசும் இல்லை, தேவையும் இல்லை. ஒரு சில டிஸ்பென்சரிகளைத் தெரிந்தெடுத்து, மருந்து கொடுக்கும் முன்பே சில நோயாளிகளிடம் மாதிரி எடுக்கலாம். சுகமாயிருக்கும் சின்னப் பிள்ளைகளின் மூக்கின் பின்புறத்தில் பஞ்சுக் குச்சியால் எடுத்துப் பார்த்தாலும் ஊரில் எந்த வகை சுற்றுகிறது என்று தெரியும். வார்ட்டில் சேரும் நியூமோனியா நோயாளிக்கு, சிகிச்சையைத் தாமதிக்காமல், முதல் ஊசிக்கு முன் இரத்தம் எடுக்கலாம். எங்களுக்கு வரும் படிவத்தில் 'முன்பு எடுத்த மருந்து' என்ற கட்டத்தை வெறுமையாக விடாமல் நிரப்பினால் அதுவே பாதி வேலை.

அந்தக் கட்டம் நிரம்ப வேண்டுமானால் உறையில் பெயர் வேண்டும். கேளுங்கள், எழுதித் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்புறம், கொமெண்டில் வந்து "அக்கா, இருமலுக்கு எந்த அன்டிபயோட்டிக் நல்லது?" என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன்.