ரேஸ் இல்லாத நாளில் போக வேண்டிய ரேஸ் ஊர்கள்

"கார் ரேஸ்னா இவ்வளவு பைத்தியமா இருக்கீங்களே, ஒரு தடவை மொனாக்கோ போய் ரேஸ் பார்த்துட்டு வரக்கூடாதா?" என்று அலுவலக நண்பர் கேட்டார். டிக்கெட் விலையைச் சொன்னேன், பேச்சு முடிந்தது. உண்மையில் காரணம் விலை மட்டும் இல்லை. பந்தய நாளில் போக எனக்குப் பெரிய ஆசை கிடையாது. பந்தயத்தை டிவியிலேயே நன்றாகப் பார்க்கலாம். டிவியில் தெரியாதது தரைதான்.

பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் மிகத் தாழ்வான இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் சுமார் 100 மீட்டர் வித்தியாசம். ஓ ரூஜ் என்ற வளைவைத் தாண்டி கார்கள் மேலே பாயும் அந்தச் சரிவு, கேமராவில் ஏதோ சின்ன மேடு மாதிரிதான் தெரிகிறது. அதை மூச்சு வாங்க நடந்து ஏற வேண்டும் எனக்கு.

அதைவிட அங்கே இழுப்பது பழைய ஸ்பா. 1970 வரை எஃப்1 (ஃபார்முலா ஒன் கார் பந்தயம்) ஓடிய 14 கிலோமீட்டர் டிராக், மால்மெடி, ஸ்டாவ்லோ என்ற ஊர்கள் பக்கம் போகும் சாதாரண ஊர்ச் சாலைகள்தான். 1966இல் முதல் சுற்றிலேயே மழை. டிரைவர் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் சாலையை விட்டுப் பறந்தது. ஸ்டீயரிங்குக்கு அடியில் கால் சிக்கி, பெட்ரோலில் நனைந்தபடி கிடந்தார். அதே மழையில் சறுக்கி நின்ற சக டிரைவர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுராண்டும் ஓடிவந்தார்கள். கையில் கருவி எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பானர் வாங்கி, ஸ்டீயரிங்கைக் கழற்றித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அதற்கப்புறம் தன் காரில் எப்போதும் ஒரு ஸ்பானரை டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டார் மனிதர். டிரைவர்களின் பாதுகாப்புக்காக அவர் விடாமல் சண்டை போட்டதும் அங்கிருந்துதான். அந்தச் சாலையில் ஒரு வாடகைக் காரை ஐம்பதில் உருட்டிக்கொண்டு போனால் போதும்.

அடுத்தது இத்தாலி. மோன்சாவில் 1961க்குப் பிறகு எஃப்1 கார்கள் தொடாத பழைய கான்கிரீட் சாய்தளம் (ஒரு பக்கமாகச் சரித்துக் கட்டிய வளைவுப் பாதை) பூங்கா மரங்களுக்கு நடுவே இன்னும் நிற்கிறது. மேல் விளிம்புக்குக் கால்நடையாக ஏறுவதே கஷ்டம் என்கிறார்கள், பார்ப்போம். இமோலாவில் டம்புரெல்லோ வளைவு. 1994 மே 1, பிரேசில் டிரைவர் செனாவின் உயிரைப் பறித்த விபத்து நடந்த இடம். வேலியில் இன்றும் கொடிகளும் பூக்களும் கட்டுகிறார்கள். முந்தின நாள் அதே டிராக்கில் விபத்தில் இறந்த டிரைவர் ராட்சன்பெர்கரை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. என் பூ அவருக்கு.

ஐல் ஆஃப் மேன்? பிரிட்டன் பக்கத்துத் தீவில் பைக் பந்தயம் ஓடும் 60 கிலோமீட்டர் மலைச்சாலை, ஆசைதான். ஆனால் 250 பேருக்கு மேல் உயிரைக் குடித்த சாலை. அங்கே பந்தயத்தை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, போனால் ரேஸ் இல்லாத நாளில்தான்.

கடைசி இடத்துக்கு விசா வேண்டாம், சென்னைக்குப் பக்கத்துச் சோழவரம். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம். 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும் முன்பு மெட்ராஸின் கார், பைக் ரேஸ் எல்லாம் அங்கேதான். சித்தப்பா செங்குன்றத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர். எங்கே நின்று பார்த்தார் என்று காட்டச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்கிறேன். முட்டி வலி என்கிறார். பொங்கலுக்கு எப்படியும் காரில் ஏற்றிவிடுவேன்.