பெயில் கிடைச்சா வெளிய வந்துடலாம்னு யாரு சொன்னது?

"ஜெயில்ல இருக்கறவன் எல்லாம் தப்பு பண்ணி தண்டனை வாங்கினவன், பெயில் சட்டம் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒண்ணுதான்"னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு, ரெண்டுமே தப்புங்க. 2022 தேசிய குற்ற ஆவணக் காப்பக கணக்குப்படி இந்திய சிறைகள்ல இருந்த சுமார் 5.73 லட்சம் பேர்ல 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிங்க, அதாவது நாலுல மூணு பேருக்கு இன்னும் தீர்ப்பே வரல.

சட்டம் எழுத்துல ஒண்ணுதான், ஒத்துக்கறேன். ஆனா பெயில் ஆர்டர் வந்தா மட்டும் கதவு திறக்காது, ஷூரிட்டி (கைதி கோர்ட்டுக்கு வருவான்னு பொறுப்பேத்துக்கற ஜாமீன்தாரர்) வேணும், சொத்து பேப்பர் வேணும், கூலி வேலை செய்றவன் இதுக்கெல்லாம் எங்க போவான்? 1978ல மத்தியப் பிரதேசத்துல மோதி ராம்னு ஒரு கொத்தனார், சுப்ரீம் கோர்ட்டே பெயில் குடுத்தப்புறமும் மாஜிஸ்ட்ரேட் 10,000 ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டாரு, கூடப் பிறந்த சகோதரர் ஷூரிட்டியா நிக்க வந்தா வேற மாவட்டத்துக்காரர்னு தள்ளிட்டாரு (அந்தக் காலத்து 10,000, யோசிச்சுக்கங்க). திரும்ப சுப்ரீம் கோர்ட் போய், நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்த ஜாமீன்ல (வேற யாரும் ஷூரிட்டி நிக்காம, அவரே எழுதிக் குடுக்கற உறுதியில) விட சொன்னாரு.

பழைய கதைன்னு சொல்லாதீங்க. பெயில் கிடைச்சும் ஒரு மாசத்துக்குள்ள ஷூரிட்டி குடுக்க முடியலன்னா கோர்ட்டே நிபந்தனையை தளர்த்தறத பத்தி பாக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 2023 ஜனவரிலதான். அதே வருஷம் மத்திய அரசு ஏழைக் கைதிங்களுக்கு பெயிலுக்கு 40,000 ரூபாய் வரைக்கும் உதவின்னு திட்டமே கொண்டு வந்துச்சு, எல்லாருக்கும் ஒண்ணா இருந்தா அது எதுக்குங்க?